எட்டு, அஞ்சேகால், மூணரை

எங்கள் காலனிக்குத் தகடு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாய்தான் என்று எப்படி அடித்துச் சொல்கிறேன் என்றால், அது தண்ணி லாரி வருகிற நாள். மற்றவளுக்கு முந்திக் குடத்தை வரிசையில் வைக்க வேண்டுமே என்று விடிந்ததும் விடியாததுமாகக் கதவைத் திறந்த நூற்று முப்பத்திரண்டு வீட்டுப் பெண்களும் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தோம், வீட்டில் எத்தனை பேருக்கு ஓட்டு இருக்கிறதோ அத்தனை, கறுப்பாக, தட்டையாக, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டி, சீட்டில் நீல மையில் அவரவர் பெயர் எழுதி. கையெழுத்து யாருடையது என்று தெரியவில்லை. நல்ல கையெழுத்து, அதை மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

"யாரோ செய்வினைத் தகடு வச்சிட்டாங்கடி யம்மா" என்று மூன்றாவது தெருவில் ஒரு குரல் கிளம்ப, "இத்தனை வீட்டுக்கும் உக்காந்து செய்வினை வைக்க எந்தப் பயலுக்கு நேரம் இருக்கு" என்று முதல் தெருவிலிருந்து பதில் வர, எலெக்‌ஷன் இலவசம் என்று சிலரும், ரேஷன் கார்டுக்குப் பதிலாக ஏதோ புது அட்டை என்று சிலரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லாரி ஹாரன் கேட்டுவிட்டது, தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோரும் தண்ணி பிடிக்க ஓடினோம். தகடு என்ற பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

எனக்குப் பார்த்ததுமே தெரியும், அது பிளாப்பி, கம்ப்யூட்டரில் இருக்கிற விவரத்தைப் பதிந்து வைக்கிற தகடு. நான் காலனி முனையில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற செண்பகம். அதற்கு முன்னால், பத்தொன்பது வயசில், கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் ரூமில் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய் வருகைப் பதிவு அடித்துக்கொண்டிருந்தவள். அந்த ரூமில் எட்டு இஞ்ச் பிளாப்பியைப் பார்த்தேன், அது போய் அஞ்சேகால் வந்ததைப் பார்த்தேன், அதுவும் போய்ச் சட்டைப் பையில் போடுகிற மூணரை வந்ததையும் பார்த்தேன். எட்டு இஞ்ச், டிபன் தட்டு அகலம், பிடித்தால் வளையும். அஞ்சேகால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, அதுவும் வளையும். மூணரை வளையாது, கெட்டி ஓடு, அதில் குட்டியாக ஒரு இரும்புக் கதவு, தள்ளினால் சர்க்கென்று திறக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால் பெரிசில்தான் கம்மியாகப் பிடிக்கும். எட்டு இஞ்ச்சில் ஒரு ஷிப்டு ஆளின் பெயரை ஏற்றினாலே மூச்சு வாங்கும், மூணரையில் மொத்த மில்லையும் ஏற்றி, கேண்டீனையும் ஏற்றி, அதற்கப்புறமும் இடம் கிடக்கும். இதை நான் தண்ணி லாரி பக்கத்தில் நின்று தொண்டை வற்றச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

கேட்காததற்குக் காரணம் பரமார்த்தலிங்கம். அவர் குடியிருப்போர் நலச் சங்கத்துத் தலைவர், சர்வேயராக இருந்து ரிட்டையர் ஆனவர், எதைக் கண்டாலும் அளக்காமல் இருக்க முடியாத கை. அவருக்கு வந்தது எட்டு. புதன்கிழமை காலையில் இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கி ஒவ்வொரு தகட்டையும் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு, எட்டுக்காரர்கள் இருபத்தாறு பேர், அவர்கள்தான் காலனிக்குத் தலைக்கட்டு, அஞ்சேகால் நடுத்தரம், மூணரை மற்றவை என்று அறிவித்தார். இனி லாரித் தண்ணி எட்டுக்கு முதலில், அஞ்சேகாலுக்கு அப்புறம், மூணரைக்கு வண்டலும் துருவும். சிலர் எட்டு இஞ்ச்சைப் பூஜை அறையில் வைத்துச் சந்தனம் தெளித்தார்கள். தரகர் ஒருவர் ஜாதகத்தோடு தகட்டு அளவையும் கேட்க ஆரம்பித்தார். ஒரே நாளில் இத்தனையும் நடந்தது, நம்புங்கள், இதற்கு மட்டும் நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தரவே வேண்டாம்.

வியாழக்கிழமையும் பரமார்த்தலிங்கம் ஸ்கேலோடு வந்தார். "நேத்துதானே அளந்தீங்க?" என்றால், "எங்கம்மா அளந்தேன்? இப்பத்தான் வாரேன்" என்கிறார். கடமையில் அவ்வளவு வெறி என்று நினைத்துக்கொண்டோம்.

என் வீட்டுக்காரர் பெயர் ஆவுடையப்பன். ரேஷன் கடையில் எடை போடுகிறவர். இருபத்தாறு வருஷமாக அந்த வரிசையில் நிற்கிற ஜனம் அத்தனையும் அரசாங்கத்தைத் திட்ட வேண்டிய திட்டை அவரைத்தான் திட்டும்; அவர் அரிசியைத் தள்ளிவிட்டு, "அடுத்தாளு வாங்க" என்பார், அவ்வளவுதான் மனுஷன். அவருக்கு வந்தது எட்டு. எனக்கு வந்தது மூணரை. புதன்கிழமை காலையில் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இதுவரை என்னை ஒரு சொல் சொல்லாத மனுஷன், "எட்டுக்குப் பக்கத்துல மூணரையை வச்சா நல்லாவா இருக்கு?" என்றார். சரி, ஏதோ புதுப் பெருமை, இறங்கிவிடும் என்று விட்டேன். வியாழக்கிழமை காலையிலும் மேஜையில் வைத்து, ஒரு எழுத்துப் பிசகாமல் அதையே சொன்னார். வெள்ளிக்கிழமையும் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் என் நாத்தனார் திரவியம், அவருக்கு மூத்த அக்கா, மூன்றாவது தெருவிலிருந்து தன் எட்டு இஞ்ச்சை முறத்தைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு வந்தாள். என் தகட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"பிள்ளையைப் பதினோரு நாளுக்கு மேல தங்க வைக்கத் தெரியாதவளுக்கு மூணரை வராம எட்டா வரும்? ஏலே தம்பி, நீ நம்ம வீட்டுக்கு வாலே" என்றாள்.

எங்களுக்குப் பிறந்தது ஒரே பிள்ளை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். இருதயத்தில் கோளாறோடு பிறந்து, பதினோரு நாள் இருந்தான். அவன் போன மூன்றாம் நாள் இவர் ரேஷன் கடைக்குக் கிளம்பிப் போனார், அழவில்லை, அதற்கப்புறம் ஒரு நாளும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நான் பேசினால் எழுந்து போய்ச் சைக்கிளைத் துடைப்பார். அப்படிப்பட்ட பேச்சை அவர் அக்கா என் வீட்டு நடுவில் நின்று பேசுகிறாள், இவர் ஒரு வார்த்தை மறித்துச் சொல்லாமல் இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, எட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் பின்னால் போனார். நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

அன்று மத்தியானம் இன்னொன்றும் நடந்தது. ஜெபக்கனி டீச்சர் தன் அஞ்சேகால் தகட்டைத் தொலைந்துவிடாமல் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜ் கதவில் வைத்து, கிளி பொம்மைக் காந்தத்தால் ஒட்டிவிட்டார். ஒட்டிய கையோடு ஏழாம் வாய்ப்பாடு மறந்துவிட்டது. அடுத்த அரை மணி நேரத்தில் தம்பி பெயரும், சாம்பாருக்குப் புளி போடணும் என்பதும் மறந்துவிட்டன. அப்போதுதான் காலனிக்கு உறைத்தது, தகட்டில் இருப்பது அவரவர் நினைவு என்று. அதற்காக யாரும் மயங்கி விழவில்லை. ஃபிரிட்ஜ் காந்தத்தையெல்லாம் பொறுக்கி ஒரு வாளியில் போட்டுப் பைபாஸுக்கு அந்தப்பக்கம் கொட்டிவிட்டு வந்தார்கள், சாயங்காலம் சங்கக் கூட்டம் என்று மைக்கில் சொன்னார்கள்.

கூட்டத்தில் பரமார்த்தலிங்கம் ஒரு தகட்டைத் தூக்கிப் பிடித்து, "பாருங்க, ஒவ்வொண்ணுலயும் ஓரத்துல ஒரு ஓட்டை இருக்கு. தூசி, எறும்பு, காத்து, கருப்பு எல்லாம் அது வழியாத்தான் உள்ள போகும். ஓட்டையை மூடணும். எட்டு, அஞ்சேகால், மூணரை, எல்லாருக்கும் ஒரே சட்டம், மூடணும்" என்றார். கை தட்டினார்கள்.

எனக்குப் பகீரென்றது. அந்த ஓட்டை எறும்புக்கு வைத்ததில்லை, எழுதுவதற்கும் எழுதாமல் இருப்பதற்கும் வைத்தது. புதுசாக ஏதாவது ஏறலாமா, இல்லை இருப்பது அப்படியே இருக்கணுமா என்பதை மெஷினுக்கு அந்த ஓட்டைதான் சொல்லும். ஆனால் செய்தவன் மூன்றையும் ஒரே மாதிரிச் செய்யவில்லை, என்ன புத்தியோ! அஞ்சேகாலில் ஓட்டையை மூடினால் பூட்டு, இருப்பது பத்திரம், புதுசு ஏறாது. எட்டில் நேர்மாறு, ஓட்டை திறந்திருந்தால் பூட்டு, மூடினால்தான் எழுதும். மூணரையும் எட்டு மாதிரிதான், மூடினால் எழுதும். மில்லில் வேலைக்குச் சேர்ந்த எல்லாப் பெண்களும் முதல் மாசம் இதில்தான் தப்புச் செய்து சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வோம். அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது: செவ்வாயிலிருந்து எட்டுக்காரர்கள் ஓட்டை திறந்து, பூட்டிக் கிடக்கிறார்கள், தூங்கி எழுந்தால் அவர்களுக்குப் பழையபடி செவ்வாய்க்கிழமைதான், அதனால்தான் தலைவர் தினமும் அளக்கிறார், அதனால்தான் என் வீட்டுக்காரர் மூன்று நாளும் அதே வார்த்தையைப் புதுசாகச் சொன்னார்.

நான் கையைத் தூக்கினேன். "தலைவரே, ஒரு விஷயம்" என்றேன்.

"மூணரைங்க கடைசியில பேசலாம்மா" என்றார் பரமார்த்தலிங்கம்.

முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் நான் மைக்கைப் பிடுங்கியாவது சொல்லியிருப்பேன், சத்தியமாக. பார்க்கவில்லை. சரி, மூடித் தொலைங்க, எல்லாம் தெரிந்தவர்கள்தானே என்று கையைக் கீழே போட்டேன். கடைசியில் என்னைப் பேசச் சொல்லிக் கூப்பிட்டபோது, "ஒண்ணுமில்ல" என்றேன். அந்த ஒண்ணுமில்லவுக்குத்தான் இன்றைக்கு வரைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓட்டையை எதால் மூடுவது என்று அரை மணி நேரம் யோசித்து, கடைசியில் ஸ்டிக்கர் பொட்டால் மூடுவது என்று முடிவாயிற்று, மங்களமாகவும் இருக்கும். எட்டுக்குப் பெரிய சிவப்புப் பொட்டு, அஞ்சேகாலுக்கு மெரூன். மூணரையில் குட்டித் தாழ்ப்பாள் மாதிரி ஒன்று இருக்கிறதே, அது வரும்போதே ஓட்டையை மூடித்தான் இருந்தது, பொட்டு வேண்டியதில்லை. அன்று சாயங்காலமே ஃபேன்சி ஸ்டோரில் பொட்டு தீர்ந்துபோயிற்று.

மறுநாளிலிருந்து பாருங்கள் கூத்தை. அஞ்சேகால்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை பூட்டிக்கொண்டது. சனிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வெள்ளிக்கிழமை என்று கோயிலுக்குப் போனார்கள், ஞாயிற்றுக்கிழமையும் போனார்கள், பூசாரி முதலில் குழம்பி, அப்புறம் தினமும் வெள்ளிக்கிழமைப் பொங்கலே வைத்துவிட்டார். ஜெபக்கனி டீச்சர் தினமும் காலையில் தன் தம்பி பெயரைக் கேட்டுத் தெருவில் வந்து நின்றார், தினமும் யாராவது ஒருவர் "தங்கராசு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எட்டுக்காரர்கள் கதை வேறு. காதில் விழுந்ததெல்லாம் அவர்களுக்கு ஏறியது, ஏறுவதற்கு இடம் கொஞ்சம் என்பதால் பழசு அந்தப் பக்கம் விழுந்துகொண்டே இருந்தது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் சீரியல் மாமியார் செத்ததற்கு மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். பரமார்த்தலிங்கத்திடம் பால்காரர் விளையாட்டாக, "நீங்கதான் எங்க பெரியப்பா" என்றார், அன்று முழுக்கத் தலைவர் பால்காரர் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அங்கேயே சாப்பிட்டார். மூணரைக்காரர்கள் நாங்கள் மட்டும் பழசும் போகாமல், புதுசும் ஏறி, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றோம். இதைச் சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்கே தெரியவில்லை. ஆனால் காலனி பழகிக்கொண்டது. அஞ்சேகால் வீட்டுக்குப் போனால் வெள்ளிக்கிழமைக் கதை பேசணும், எட்டு வீட்டு வாசலில் வாயைத் திறக்கக் கூடாது, இவ்வளவுதானே என்று பத்து நாளில் எல்லோரும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் பழகவில்லை. பதினோராம் நாள் சர்க்கரை வாங்க ரேஷன் கடைக்குப் போனேன். இவர் தராசுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கை அதே கை, எடைக்கல்லை வைக்கிற லாவகம் அப்படியே இருந்தது. அதெல்லாம் தகட்டில் இல்லை போல, வேறு எங்கோ இருக்கிறது. என் கார்டை வாங்கிப் பார்த்தார்.

"பேரு என்னம்மா?" என்றார்.

"செண்பகம்" என்றேன். "வீட்டுக்காரர் பேரு?" என்றார். கார்டைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "எம் பேருதான் இவருக்கும்" என்று சிரித்தார். நான் சர்க்கரையை வாங்காமலே வந்துவிட்டேன். வழியெல்லாம் என் வாய் என்னையே திட்டிக்கொண்டு வந்தது. கையைத் தூக்கினவள் ஏண்டி கீழே போட்டாய், ரோஷமா, எவன் கேட்டான் உன் ரோஷத்தை.

மத்தியானம் நாத்தனார் வீட்டுக்குப் போனேன், அவளை நார் நாராகக் கிழித்துவிடுவது என்றுதான் போனேன். அவள் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு, "வாம்மா, யாரைப் பாக்கணும்?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்தது, தம்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று அவள்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். சொன்னது அவள் காதிலும்தானே விழும், அவளுக்கும் எட்டு, அவளுக்கும் சிவப்புப் பொட்டு, அவளும் அதை நம்பிவிட்டாள். சொன்னது பொய் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆளும் மறந்துவிட்டாள். இப்போது நான் யாரிடம் சண்டை போடுவது? கிழிக்க வந்தவள், அவள் கையிலிருந்த கீரையில் பாதியை வாங்கி ஆய்ந்து கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

இவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "உக்காருங்கம்மா. ரேஷன் கார்டு விஷயமா?" என்றார். எட்டு இஞ்ச் பக்கத்து ஸ்டூலில் இருந்தது, பொட்டோடு. உட்கார்ந்தேன். என்ன சொன்னாலும் ஏறும் என்று எனக்குத் தெரியும். நினைத்துப் பாருங்கள், எந்தப் பெண்டாட்டிக்குக் கிடைக்கும் இது. தினமும் காலையில் எழுந்து எனக்குக் காபி போட்டுக் கொடுப்பவர் நீங்கள் என்று சொல்லலாம். உங்கள் அக்கா பேச்சை நீங்கள் கேட்டதே இல்லை என்று சொல்லலாம். வாய் வரைக்கும் வந்தது, ஆனால் சொல்ல மனசு வரவில்லை. அப்படி ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போனால் அவர் யாரோ, நான் யாரோ.

"என் பேரு செண்பகம்" என்று ஆரம்பித்தேன். "நான் உங்க பெண்டாட்டி."

அவர் முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை, அப்புறம் மெதுவாக, தரையில் ஊற்றின தண்ணி பரவுகிற மாதிரி அது பரவியது. "ஆமா" என்றார். நான் விடாமல் சொல்லிக்கொண்டே போனேன், கல்யாணம் நடந்த மண்டபம், மழை பெய்து பந்தி கலைந்தது, சைக்கிளில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு போய் விழுந்தது, எல்லாம், நடுவில் சந்தேகம் வந்து, "என் பேரு என்ன?" என்று கேட்டேன். முழித்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன், விரலை மடக்கிக்கொண்டு சொன்னேன். எட்டு சங்கதிதான் நிற்கிறது. ஒன்பதாவதைச் சொன்னால் முதல் சொன்னது விழுந்துவிடுகிறது. இருபத்தாறு வருஷத்துக் குடித்தனத்தில் எட்டே எட்டு, அதையும் நான்தான் பொறுக்கணும்.

அன்று மத்தியானம் நான் பட்ட பாடு எந்தப் பரீட்சையிலும் பட்டதில்லை. என் பெயர் ஒன்று. நான் பெண்டாட்டி என்பது ஒன்று. வீடு இரண்டாவது தெரு நாற்பத்தேழு, இல்லாவிட்டால் தொலைந்துபோவார். சாப்பிட்டதும் சர்க்கரை மாத்திரை. அவர் அம்மா இறந்துவிட்டார்கள், அதைச் சொல்லாவிட்டால் தேடுவார். சைக்கிளில் முன் பிரேக் பிடிக்காது. அக்கா மேல் கோபப்பட வேண்டாம், இதை ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எட்டாவதுக்கு வந்தபோது அந்தப் பதினோரு நாள் தொண்டையில் வந்து நின்றது. வேண்டாம் என்று விழுங்கினேன். இருபத்திரண்டு வருஷம் அதை உள்ளே வைத்துச் சைக்கிள் துடைத்த மனுஷன், போனது போனதாக இருக்கட்டும், அவராவது நிம்மதியாக இருக்கட்டும், என் மூணரையில் இடம் கிடக்கிறது, நானே வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாகக் குற்றாலத்தில் கூட்டத்தில் ஒரு தடவை நான் வழுக்கினபோது என் கையைப் பிடித்தவர் அருவியை விட்டு வெளியே வருகிற வரைக்கும் விடவில்லை, அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு எட்டின் பொட்டைப் பிய்த்தேன். ஓட்டை திறந்தது. பூட்டியாயிற்று.

"வீட்டுக்குப் போலாமா?" என்றார். போனோம்.

போகிற வழியில் பரமார்த்தலிங்கத்தின் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், நான் தெரிந்தே சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னேன். அவருக்கு எட்டு, பொட்டு வேறு இருந்தது, சொன்னதும் ஏறியது. மறுநாளே மைக்கில் அவரே சட்டத்தை மாற்றினார். அஞ்சேகால்காரர்கள் பொட்டை எடுத்துவிட்டுக் காணாமல் போன கிழமைகளைப் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எட்டுக்காரர்களுக்குத்தான் நல்ல வழி என்று ஒன்று இல்லை. பொட்டு இருந்தால் பழசு விழும், பொட்டை எடுத்தால் புதுசு நிற்காது. எது வேண்டும் என்று அந்தந்த வீட்டில் கூடிப் பேசி முடிவுசெய்தார்கள், சில வீடுகளில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணி மட்டும் பழையபடி, குடம் முந்தினவர்களுக்கு.

எங்கள் வீட்டில் முதல் நாள் நன்றாகத்தான் விடிந்தது. இவர் எழுந்தார், "செண்பகம்" என்று கூப்பிட்டார், கைக்குட்டை தேடி பீரோவின் அடித்தட்டை இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றார். கையில் ஒரு மஞ்சள் கம்பளித் தொப்பி, எலுமிச்சம்பழத்துக்குத்தான் சரியாக இருக்கும் போல அவ்வளவு சின்னது.

"இது யாருது?" என்றார்.

நான் என்ன செய்ய? சொன்னேன். நமக்கு ஒரு பிள்ளை பிறந்தது, பதினோரு நாள் இருந்தான், அவன் பிறந்த அன்று கரிசல் முழுக்க மழை, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டே நீங்கள்தான் முகிலன் என்று பெயர் வைத்தீர்கள், யாருக்கும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் சொன்னீர்கள். அவர் தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். வீடு அதிரும்படி அழுதார். இருபத்திரண்டு வருஷமாக நான் காத்திருந்த அழுகை அது, இப்படியா அது வரணும். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன். சாயங்காலம் வரைக்கும் அவனைப் பற்றியே பேசினோம், மூக்கு யார் மாதிரி, விரல் யார் மாதிரி.

தூங்கி எழுந்ததும் எல்லாம் போய்விட்டது. "செண்பகம்" என்று கூப்பிட்டார், கைக்குட்டை தேடினார், அடித்தட்டை இழுத்தார். "இது யாருது?"

மறுபடி சொன்னேன். மறுபடி அழுதார், முதல் தடவை கேட்கிறவராக. மூன்றாம் நாளும். நான்காம் நாள் தொப்பியை எடுத்து ஒளித்து வைத்தேன். அவர் அடித்தட்டை இழுத்து, கைக்குட்டையை எடுத்துக்கொண்டு, விசிலடித்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போனார். அந்த விசிலை என்னால் தாங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் தொப்பியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். நான் செய்வது பாவமா, புண்ணியமா, தினமும் ஒரு மனுஷனை அழ வைக்கிறேனே, வைக்காவிட்டால் அவன் இருந்ததே எனக்கு மட்டும் என்று ஆகிவிடுகிறதே, எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடையில் உட்கார்ந்து ஒருத்தர் பட்டாவை ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னால் பன்னிரண்டு காப்பி எடுத்தேன்.

பதிமூன்றாம் நாள் காலையில் அவர் எழுவதற்கு முன்னால் எட்டு இஞ்ச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பதாவதை ஏற்றினால் முதலாவது விழும். முதலாவது என் பெயர். எட்டையும் மறுபடி சொல்லி வரிசையை மாற்றலாம்தான். ஆனால் எதை முதலில் நிறுத்தி விழ விடுவது? மாத்திரையையா, வீட்டு நம்பரையா, பிரேக்கையா, குற்றாலத்தையா? எட்டையும் விரலில் மடக்கி மடக்கிப் பார்த்தேன். பெயர் போனால் போகட்டும். மனுஷன் மாத்திரை இல்லாமல் இருக்க முடியாது, பெண்டாட்டி பெயர் இல்லாமல் இருக்கலாம், எத்தனை பேர் இருக்கிறார்கள்.

அவர் எழுந்தார். "செண்பகம்" என்று கூப்பிட்டார். அதுதான் கடைசி என்று எனக்குத் தெரியும், ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டாரா என்று கேளாதவள் மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றேன். கூப்பிட்டார். வந்தேன். என் நெற்றிப் பொட்டை எடுத்து ஓட்டையில் ஒட்டிவிட்டு, தொப்பியை நானே அவர் கையில் கொடுத்து, முழுசாகச் சொன்னேன், முகிலன் என்ற பெயரை இரண்டு தடவை சொன்னேன். அவர் அழுது முடித்ததும் பொட்டைப் பிய்த்தேன்.

"நான் யாரு?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தார். "என் பெண்டாட்டி" என்றார். பெயரைத் தேடுகிறார் என்று கண்ணில் தெரிந்தது, கிடைக்கவில்லை, தொப்பியை மடித்து அடித்தட்டில் வைத்தார். நானும் சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமில்லாமல் ஒரு பாட்டம் அழுதேன். குழாயில் தண்ணி வரவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவர் எழுந்து பீரோவைத் திறந்தார், அடித்தட்டை இழுத்தார், தொப்பியை எடுத்து ஒரு தடவை மூக்கில் வைத்து முகர்ந்துவிட்டு, எதுவும் கேட்காமல் திரும்ப வைத்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி ஹாரன் கேட்டது. அவர் வாசலுக்குப் போய், தெரு முழுக்கக் குடத்தோடு நின்ற பெண்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏ முகிலன் அம்மா! லாரி வந்துட்டு, குடத்தை எடுத்துட்டு வா!"

குடத்தோடு நின்றவர்கள் எல்லாம் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் திரவியம்கூட மூன்றாவது தெரு முனையிலிருந்து, யார் வீட்டுப் பிள்ளை முகிலன் என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை, ஒரு ஆள்கூட, ஒரு தடவைகூட. நான் இரண்டு குடத்தையும் இடுப்பில் எடுத்துக்கொண்டேன்.

"இந்தா வாரேன்" என்றேன்.